கைப்பிரேக்கு இல்லாத வண்டி

ஜீப்பை வித்துக் கக்கூசு கட்டுன பொம்பளையை நீங்க எங்கிட்டாச்சும் கண்டதுண்டா தம்பி? நான் கண்டேன். நித்தமும் கண்டுக்கிட்டு இருக்கேன். அந்தா, முன்னாடி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுல, ஊதாச் சேலை கட்டிக்கிட்டு, மடியில பெரிய பையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான். ஒச்சம்மா. எம் பொண்டாட்டி. பஸ்ஸு வந்ததும் பாஞ்சு போயி முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணாடி வழியா ரோட்டை வேடிக்கை பாக்குறாளாம். பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் என்ன கருமம் பிடிச்ச ஆசை? அடிபட்ட புருசன் பின்னாடி எப்படி உக்காந்திருக்கான்னு திரும்பிப் பாக்கணும்னு தோணுதா?

நீங்க யாரு பெத்த பிள்ளையோ, எந்திரிச்சு இடம் குடுத்தீங்க, காலை நீட்டிக்கிட்டேன். நல்லா இருப்பீங்க. தேனிக்குத்தான? நானும் அங்கதான். பெரியாஸ்பத்திரியில மருந்து மாத்தணும். ஒரு மணி நேர வேலை. அதுக்கு அவ கொண்டாந்திருக்கிற பையைப் பாருங்க, ஏதோ காசிக்குப் போறவ மாதிரி. கேட்டா, 'கெடக்கட்டும்'ங்கிறா.

கால் என்னாச்சுன்னுதான கேக்குறீங்க? சொல்றேன். ஜீப்புல இருந்து ஆரம்பிச்சாத்தான் காலுக்கு வர முடியும்.

எங்க ஊரு போடிக்கு மேல மலையில. ஊத்துப்பாறை. அங்க ஒரு காப்பித் தோட்டத்துக்காரரு அந்த ஜீப்பை வச்சிருந்தாரு. அவரு புது வண்டி எடுத்ததும் இதைக் கொட்டகையில தள்ளிவிட்டாரு. நான் போயிப் பாக்கையில எஞ்சினு மேல ஒரு கோழி அடை படுத்திருந்துச்சு. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காத்திருந்து எடுத்தேன். ஒரு நல்ல கறவை மாட்டு வெலைகூட இல்ல தம்பி. கதவு கெடையாது. மேல படுதா. டிரைவர் சீட்டுல பஞ்சு போயிருச்சு, தேங்காநாரைத் திணிச்சுச் சாக்கு வச்சுத் தச்சுப் போட்டேன். தச்சது, கல்யாணத்துக்கு அப்புறம், இவதான். ஆனா எஞ்சினு இருக்கே, ஆத்தாடி! ரெண்டு தடவை இருமும், ஒரு கமறல் கமறும், அப்புறம் பிடிச்சுக்கிட்டா நாலு வீலும் சேந்து இழுக்கும் பாருங்க, செங்குத்தா சுவரை நிறுத்துனாலும் ஏறும்.

அப்ப எங்க ஊருக்கு ரோடு கெடையாது. ஓடைதான். மழை பேஞ்சா அதுல தண்ணி வரும், மழை விட்டா நாங்க வருவோம். காப்பி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் கீழ எறங்கும். ரேசன் அரிசி, மண்ணெண்ணெய், தோட்ட வேலைக்குப் பொம்பளையாளுக எல்லாம் மேல ஏறும். யானைச் சாணியில வழுக்கும், பாறையில தட்டும், ஆக்சிலு ஒடைஞ்சா காட்டுக்கொடியை வச்சு இழுத்துக் கட்டி வீடு வந்து சேந்திருக்கேன். இப்ப ஓட்டுறானுகளே, கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, உள்ள செண்டு அடிச்சுக்கிட்டு! சும்மா ஒரு குழியில எறங்குனா 'ஐயோ அடி தட்டிருச்சே'ன்னு எறங்கிக் குனிஞ்சு பாக்குறானுக. அதெல்லாம் வண்டியா? தூ!

ஒரே ஒரு கொறை. கைப்பிரேக்கு கெடையாது. வாங்குன அன்னிக்கே இல்ல. மெக்கானிக்கு சொன்னான், போட்டுருவோம் மாமான்னு. நான்தான் எதுக்கு வெட்டிச் செலவுன்னு விட்டுட்டேன். கட்டை இருக்கு, போதும்ல?

கட்டைன்னா, புளியங்கட்டை. முக்கோணமா செதுக்குனது. நல்ல கனம். ஏத்தத்துல வண்டி நிக்கணும்னா நான் 'கட்டை!'ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். பின்னாடி இருக்கிற ஆளு கட்டையோட குதிச்சு வீலுக்கு அண்டை குடுத்துரணும். கெளம்பும்போது கட்டையை எடுத்துக்கிட்டு ஓடியாந்து, ஓடுற வண்டியில தொத்திக்கணும். நிறுத்தி ஏத்தவா முடியும், ஏத்தத்துல? அம்புட்டுத்தான் வேலை. பச்சப்பிள்ளை செய்யும். ஆனா கிளீனருன்னு வந்த பயலுக எவனும் ஒரு மாசம் தாண்டல. முட்டி பேந்துருச்சும்பான், மூச்சு வாங்குதும்பான். சோம்பேறிக. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆச்சு, அந்தக் கவலை விட்டுச்சு.

ஒரு ஆடி மாசம். நல்ல மழை. ஊருல ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி கண்டுருச்சு. தூக்கிப் போட்டுக்கிட்டு எறங்குறேன். பாதி எறக்கத்துல, இதுக்கு மேல தாங்காதுன்னு பின்னாடி ஒரே கூப்பாடு. 'கட்டை!'ன்னேன். இவ குதிச்சுக் கட்டையைப் போட்டா. போட்டுட்டு அந்தச் சகதியோட மேல ஏறி, கையைத் தேங்காயெண்ணெயில கழுவிக்கிட்டுப் பிள்ளையையும் வாங்கிட்டா. நான் பிரேக்குல இருந்து காலை எடுக்கல தம்பி. அசையல. தொடை மரத்துப்போச்சு. ஊரே என்னையக் கொண்டாடுச்சு. அந்தப் பிள்ளைக்கு எம் பேரைத்தான் வச்சாக. மொக்கச்சாமி. இப்ப கோயம்புத்தூர்ல ஏதோ கம்பெனியில இருக்கான்.

அப்படி ஒரு ராசியான வண்டி. இவ எம் மகளை வயித்துல வச்சுக்கிட்டு, நெறமாசம் வரைக்கும் குதிச்சுக் குதிச்சுக் கட்டை போட்டா. ஒரு சின்னக் கீறல் உண்டா? அது தாய் மாதிரி தம்பி, அந்த ஜீப்பு. அதுக்குத் தெரியும், யாரை என்ன செய்யணும்னு.

வெரலு? ஓ, அவ எடக்கையைப் பாத்துட்டீங்களா? ஆமா, ரெண்டு வெரலு கெடையாது. அதுக்கு வண்டி மேல குத்தம் சொல்ல முடியாது. மிளகு மூட்டை ஏத்தியிருந்துச்சு, மழைக்குப் பாறை வழுக்கிக் கெடந்துச்சு, கட்டையை வச்சவ கையைச் சட்டுனு எடுக்க வேண்டாமா? எடுக்கல. வண்டி லேசா ஒரு பின்வாங்கு வாங்குச்சு. அம்புட்டுத்தான். அன்னிக்கு ஏவாரி சந்தையில காத்திருக்கான், மூட்டை போய்ச் சேரல, எம் பேரு கெட்டுச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லல அவளை. சேலைத் துணியைக் கிழிச்சுச் சுத்திக்கிட்டா. அடுத்த ஏத்தத்துல வலக்கையால கட்டை போட்டா.

ஒத்தை ஆளா ஓட்டுனேன் தம்பி அந்த வண்டியை. மலையில அத்தனை ஜீப்பு ஓடுச்சு, எல்லாத்துக்கும் கிளீனரு உண்டு. எனக்குக் கிளீனரு கெடையாது, தொணை கெடையாது. நானும் வண்டியும்தான்.

முன் சீட்டு எப்பவும் பெரிய மனுசருக்கு. வாத்தியாரு, நர்சம்மா, தோட்டத்துக்காரரு. அவுக இல்லாட்டி ஏலக்கா மூட்டை, வாசம் போகாம இருக்கணும்ல. ஒருநா இவ வந்து நின்னுக்கிட்டு, 'ஏங்க, இன்னிக்கு யாரும் வரலையே, நான் ஒருவாட்டி முன்னாடி உக்காந்து வரவா?'ன்னா. 'அப்பக் கட்டையை யாரு போடுவா, உங்கப்பனா?'ன்னு கேட்டேன். சிரிச்சா. அப்பல்லாம் நல்லாத்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தா.

அப்புறம் மலைக்குத் தாரு ரோடு வந்துச்சு. அதோட பிடிச்சது சனியன். பஸ்ஸு வந்துச்சு, புது வண்டிக வந்துச்சு. நம்ம ஜீப்புக்கு இனிமே பேப்பரு புதுப்பிக்க முடியாதுன்னுட்டாக. சரி போ, ஓடாட்டி என்ன, வாசல்ல நிக்கட்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். தெனமும் காலையில தொடச்சு, டிரைவர் சீட்டுல உக்காந்துதான் டீ குடிப்பேன். அப்பவும் அவகிட்ட கட்டையைப் போட்டு வைக்கச் சொல்லிருவேன். எங்க வாசல் கொஞ்சம் சரிவு.

கண்ணுல பொரை எடுக்கத் திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போனேன். புதுக் கண்ணோட திரும்பி வந்து பாக்குறேன், வாசல்ல ஜீப்பைக் காணோம். நின்ன எடத்துல நாலடிக்கு நாலடி ஒரு கட்டடம். தகரக் கதவு. உள்ள வெள்ளை வெளேர்னு ஒரு கக்கூசு. சீ! எனக்குச் சோத்துல கை வைக்க முடியல. கேட்டா சொல்றா, 'மழையிலயும் அட்டைக்கடியிலயும் இத்தனை வருசம் காட்டுக்குப் போனேன், இனிமே முடியாது, முட்டி மடங்க மாட்டேங்குது'ன்னு. ஊருல இருக்கிற பொம்பளை பூராம் காட்டுக்குப் போகல? இவளுக்கு மட்டும் என்ன முட்டி? நான் சத்தியமா அந்தப் பக்கம் போக மாட்டேன்னு சொல்லிட்டேன். மழைக்காலம் வரைக்கும் போகவும் இல்ல.

கட்டையையாச்சும் குடுடின்னேன். 'அதை அன்னிக்கே வெந்நீர் அடுப்புல வச்சுட்டேன்'ங்கிறா. 'நல்லா நின்னு எரிஞ்சுச்சு'ங்கிறா. பாருங்க தம்பி, ஒரு கட்டை. மரம். அது மேல என்ன ஆத்திரம் ஒரு பொம்பளைக்கு?

வாங்குனது யாருன்னா, மலையில புதுசா வந்திருக்கிற ஒரு ரிசாட்டுக்காரன். எதுக்கு வாங்குனான்? ஓட்டவா? அந்தக் கருமத்தை என் வாயால சொல்லணுமா? எஞ்சினைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, அந்த எடத்துல மண்ணைக் கொட்டி சாமந்திப் பூ நட்டு வச்சிருந்தான். எஞ்சினு இருந்த எடத்துல சாமந்தி! பொணத்துக்கு வைக்கிற மாதிரி. மேல பூராம் ரோசு பெயின்ட்டு. ஹெட்லைட்டுல கண்ணு வரைஞ்சு இமை மயிரும் வரைஞ்சிருந்தான். வர்றவன் போறவனெல்லாம் அது மேல ஏறி நின்னு, உதட்டைக் குவிச்சுக்கிட்டு போட்டோ எடுக்குறான். செருப்புக் காலோட! நான் தேங்காநார் திணிச்ச சீட்டுல ஐஸ்கிரீமை வழியவிட்டு, ஸ்டீரிங்குக்கு அடியில சூயிங்கம்மை ஒட்டி... வெரலை வச்சேன், ஒட்டுச்சு தம்பி. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அங்கயே வாச்மேனா சேந்துட்டேன். சும்மா பொழுது போகட்டும்னுதான். ஜீப்புக்காகன்னு இவ சொல்றா. ஜீப்புக்காக எவனாச்சும் வாச்மேன் வேலைக்குப் போவானா? கேட்டுக்குப் பக்கத்துல அது நின்னுச்சு, கேட்டுக்குத்தான் நான் காவலு. அப்படியே அதையும் பாத்துக்கிட்டேன். ஆளில்லாத நேரத்துல தொடைப்பேன். சூயிங்கம்மைச் சொரண்டுவேன். அம்புட்டுத்தான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை ஒரு குடும்பம் வந்துச்சு. பெரிய தொந்திக்காரரு டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு கியரைப் பிடிச்சு ஆட்டுறாரு. வேண்டாம் சார்னு சொல்லிக்கிட்டே வர்றேன். கேட்டாத்தான! வண்டிக்கு அடியில ரெண்டு செங்கலைத்தான் அண்டை குடுத்து வச்சிருந்தான் அந்த மேனேஜர் பய. அவரு சம்சாரம் மறுபக்கம் ஏறுனதும் ஒரு குலுக்கு. செங்கல் நொறுங்குச்சு. வண்டி பின்னாடி நகருது. கீழ நீச்சல் குளம். குளத்துல பிள்ளைகுட்டிக.

ஓடுனேன். என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? 'கட்டை!'ன்னு கத்துனேன். கத்திட்டு நின்னு பாக்குறேன். யாரும் குதிக்கல. யாரு இருக்கா குதிக்க? அத்தனை பேரு நிக்கிறானுக, அத்தனை பேரு கையிலயும் செல்போனு. படம் பிடிக்கிறானுக. ஒருத்தனாவது ஒரு கல்லைத் தூக்கிப் போட்டானா? கேவலம் பிடிச்ச சென்மங்க.

வேற வழி இல்ல. என் காலையே குடுத்தேன். வீலு ஏறுச்சு. ஏறி, நின்னுருச்சு! பாத்தீங்களா? வேற ஒருத்தன் கால்ல நிக்குமா? எலும்பு நொறுங்குற சத்தம் எனக்கே கேட்டுச்சு, ஆனா சொல்றேன் தம்பி, மனசுக்குள்ள ஒரு சந்தோசம். அதுக்கு ஆளு அடையாளம் தெரிஞ்சிருக்கு.

இவ ஆஸ்பத்திரிக்கு வந்தா. அழுவான்னு பாத்தேன். அழல. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு என் காலையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், 'கனமா இருந்துச்சா?'ன்னு கேட்டா.

கேக்குற கேள்வியைப் பாருங்க! வலிக்குதான்னு கேக்கலாம், சாப்பிட்டியான்னு கேக்கலாம். கனமா இருந்துச்சாவாம். ஜீப்பு கனமா இருக்காம பஞ்சு மூட்டை மாதிரியா இருக்கும்? எனக்கு வந்த வெறுப்புல சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

இப்ப விசயம் என்னன்னா, அந்த ரிசாட்டு மொதலாளி பயந்துட்டான். இந்தச் சனியனே வேண்டாம்னுட்டான். மேனேஜர் எனக்குப் போனு போட்டான், 'பெருசு, ஓசியிலயே தர்றோம், நீங்க எடுத்துக்குறீங்களா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுரவா? ரெண்டு நாள்ல முடிவு சொல்லுங்க'ன்னு. பழைய இரும்புக்கு! தம்பி, எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல. அதை வெட்டி எடைக்குப் போடுற மாதிரியே நெனப்பு வருது. அது என் உசுரு. வேற என்ன சேத்து வச்சிருக்கேன் நான் வாழ்ந்ததுக்கு?

இவகிட்ட சொன்னேன். சொன்னதும் கையில இருந்த தட்டைக் கீழ வச்சுட்டு, 'அது வாசல்ல வந்து நின்னா நான் வாசலைத் தாண்டிருவேன். வேலுத்தாய் வீட்டுக்குப் போயிருவேன்'ன்னா. வேலுத்தாய் இவ தங்கச்சி, கோடாங்கிபட்டியில கட்டிக் குடுத்திருக்கு. சத்தம் போட்டுக்கூடச் சொல்லல, உப்பு கம்மியா இருக்குங்கிற மாதிரி சொல்றா. பொம்பளைகளுக்கு இது ஒரு பேச்சு. இத்தனை வருசத்துல எங்க போயிருக்கா? ஏத்தத்துல வண்டி போய்க்கிட்டே இருக்கும், ஓடியாந்து தொத்திக்குவா. அவளா போகப் போறா?

இருங்க, போனு அடிக்குது. மேனேஜர் பயதான்.

அலோ! ஆமா, மொக்கச்சாமிதான். பஸ்ஸுல இருக்கேன், சத்தமாச் சொல்லுங்க. ஆமா சார். முடிவு பண்ணிட்டேன். இரும்புக்கெல்லாம் போட வேண்டாம்! வீட்டுக்கே கொண்டாந்துருங்க! வாசல்ல விடுங்க! ஆமா, அந்தக் கக்கூசை ஒட்டி எடம் இருக்கு, பத்தாட்டி அதை இடிச்சுக்கலாம்! கட்டையா? கட்டை போட எங்க வீட்டுல ஆளு இருக்கு, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்! சரி. வச்சுடுறேன்.

முடிஞ்சுச்சு தம்பி. அப்பாடா. பஸ்ஸே கேக்குற மாதிரி சொல்லிட்டேன்ல? பாத்தீங்களா, ஏறுனதுல இருந்து திரும்பாதவ இப்ப திரும்பிப் பாத்தா. எவ்வளவு நேரம் பாத்தா பாருங்க. அவளுக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான். இல்லாமலா? எஞ்சினுக்கு ஒருத்தரைச் சொல்லி வச்சிருக்கேன். ரோசு பெயின்ட்டை மொதல்ல சொரண்டணும். புளியங்கட்டையும் ஒண்ணு புதுசா செதுக்கணும், எனக்குக் கால் ஆறணும், அதுவரைக்கும் அவளே செதுக்கட்டும்.

எந்த ஸ்டாப்பு இது? கோடாங்கிபட்டியா? இன்னும் தேனிக்குக் கொஞ்ச தூரம் இருக்கு. இவ ஏன் எந்திரிக்கிறா? அந்தா, என் ஊன்றுகோலையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கண்டக்டருகிட்ட குடுக்குறா பாருங்க. என்கிட்ட குடுக்கச் சொல்லிக் கையைக் காட்டுறா. ஏ ஒச்சம்மா! இது தேனி இல்லடி! கோடாங்கிபட்டி! பையை எதுக்கு எடுக்குற? இப்படித்தான் தம்பி, முன்னாடி உக்காந்து வேடிக்கை பாத்தா ஸ்டாப்பு எங்க தெரியும்? படிச்சவளா, எழுத்துக்கூட்டவா தெரியும்? கண்டக்டரு சார், அந்தப் பொம்பளை தப்பா எறங்குது, சொல்லுங்க! ஏய்! ஒச்சம்மா!

எறங்கிட்டா. திரும்பிப் பாக்குறாளா பாருங்க. இருங்க, வண்டியை எடுக்காதீங்க... விசிலு அடிச்சுட்டானே! பரவால்ல. பஸ்ஸு நகந்தா தானா ஓடியாந்து தொத்திக்குவா. ஓடுற வண்டியில ஏறுறது அவளுக்குப் பழக்கம்தான். நீங்க எட்டிப் பாத்துச் சொல்லுங்க தம்பி, என்னால திரும்ப முடியல.

ஓடியாறாளா?